பார்க்குப் பனைகளும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்குத் தம்பிதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த தறிகளில் உட்கார்ந்து நெய்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். புகழ்ச்சி குறைவாகத் தெரிந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது தேசூரில். அப்பா காலமானதும் அம்மா எங்கள் இருவரையும் ஆரணியில் மாமா வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். அங்கேதான் பட்டு நெசவு கற்றோம். அண்ணன் நெய்த சேலை என்றால் கடைக்காரர்கள் விரித்துப் பார்க்காமலே வாங்கி வைப்பார்கள். பட்டு விலை ஏறித் தறி சும்மா நின்ற காலங்களும் உண்டு. அப்போதும் அவர் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. கோபமெல்லாம் என் பங்குக்கு வந்துவிட்டது. குடும்பத்தில் ஒருவராவது கோபப்பட வேண்டாமா?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணனுக்குக் கழுத்துப் பிடிப்பு வந்தது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர்களுக்கு வருவதுதான். டாக்டர் மாத்திரை கொடுத்து, "சாயங்காலத்துல கொஞ்ச நேரம் தலையத் தூக்கி ஒசரமா எதையாவது பாருங்க" என்றார். கோயில் கோபுரத்தைப் பார்த்திருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும். அண்ணன் நகராட்சிப் பூங்காவுக்குப் போனார்.

அங்கே சில பழைய பனைகள் உண்டு. நம் ஊர்ப் பனை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தவை என்பார்கள். அடிமரம் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு பூசிய தூண் போல வழுவழுவென்று போகும். நடுவில் லேசாகப் பருத்து, மேலே இளைத்து, உச்சியில் பச்சைத் தண்டாகி, அதன் மேல் மட்டைகள் விரியும். சரியான பெயர் யாருக்கும் தெரியாததால் பார்க்குப் பனை என்போம். நுங்கு கிடையாது, ஓலை எதற்கும் ஆகாது, நிழல் என்று விழுவதில் ஒரு ஆள்கூட நிற்க முடியாது. அண்ணன் தினமும் போய் சிமெண்ட் பெஞ்சில் சாய்ந்து அவற்றைப் பார்ப்பார். கழுத்து சரியான பிறகும் போனார்.

ஒருநாள் கூடப் போயிருந்தேன். "இன்னாதான் கீது இதுல?" என்று கேட்டேன்.

"சும்மா பாருடா. அடியிலருந்து நுனி வரைக்கும் ஒரு கோணல் கீதா பாரு."

பார்த்தேன். கோணல் இல்லைதான். அதற்கு என்ன செய்வது? பஜ்ஜி வாங்கித் தருவார் என்று உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். சேலையின் நீளவாட்டு இழைகளைப் பாவு என்போம். தறியில் ஏற்றும் முன் அதை விடியற்காலையில் தெருவில் நீட்டி, இரு முனையும் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சீராக்க வேண்டும். தெரு பள்ளமாகிவிட்டதால் தொழிலே பேஜாராகிவிட்டது. அண்ணன் பூங்காவுக்குப் போய்க் காவலாளியிடம் பேசி, பனைகளுக்கு நடுவே பாவு நீட்ட அனுமதி வாங்கிவந்தார். கயிறு உரசி மரத்தில் வடு விழக்கூடாது என்று அடிமரத்தில் பழைய வேட்டியைச் சுற்றி அதன் மேல் கட்டச் சொன்னார். "மரத்துக்கு வேட்டி கட்டிட்ட, சட்டை எப்போ?" என்று தெருவே கிண்டல் செய்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜையில் தறிக்கும் குறுக்கிழை ஓட்டும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அண்ணி, தட்டோடு பூங்காவுக்கும் போய் மரங்களுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தார். பாவு கட்டும் கம்பத்துக்கு வைப்பது எங்கள் வழக்கம். இப்போது இந்த மரம்தானே நமக்குக் கம்பம் என்றார். தெரு சரியாகி நாங்கள் வீட்டு வாசலுக்கே திரும்பிய பிறகும் அண்ணி வருடம் தவறாமல் வைத்துவந்தார்.

சில ஆண்டுகள் கழித்துப் பூங்காவை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. ஒரு மட்டை விழுந்து யாருடைய மொபெட்டோ நசுங்கியிருந்தது. மரங்களை எடுத்துவிட்டு நடைபாதையும் நீரூற்றும் வைப்பதாக முடிவானது. அண்ணன் வார்டு உறுப்பினரைப் பார்க்கப் போனார். நானும் போனேன்.

"காயும் இல்ல, நிழலும் இல்ல. அத வெச்சிகினு இன்னாங்க பண்றது?" என்றார் அவர்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "பாக்க நல்லா கீதுங்க" என்றார்.

உறுப்பினர் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிரவு அண்ணன் சாப்பிடவில்லை. மாமா இறந்தபோதுகூடச் சாப்பிட்டவர்.

விஜயதசமியன்று, நல்ல நாள் பார்த்துக் காண்டிராக்டர் ஆட்களை அனுப்பினார். படவேட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். விஷயம் கேள்விப்பட்டுத் தெருவே பூங்காவில் கூடிவிட்டது. மரங்களில் முந்தின நாள் அண்ணி வைத்த சந்தனமும் குங்குமமும் செவ்வந்திப் பூவும் அப்படியே இருந்தன. வெட்ட வந்தவர்களில் மூத்தவர் தயங்கி நின்றார்.

"இது இன்னா சாமிங்க?"

எங்கள் தெருக்காரர் ஒருவர் சட்டென்று, "அம்மன்ங்க. துடியான சாமி. கைய வெச்சவன் வூடு வெளங்காது" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். வேலை முடிந்தது, மரம் பிழைத்தது என்று நினைத்தேன்.

அண்ணன் முன்னால் வந்தார். "சாமியெல்லாம் இல்லீங்க. எங்க தெரு கெட்டுக் கெடந்தப்ப இதுலதான் பாவு கட்டுனோம். தொழிலுக்கு ஒதவுன மரம்னு ஆயுத பூஜைக்கு வூட்ல பொட்டு வெக்கறாங்க, அவ்ளோதான். நீங்க வந்த வேலையப் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏண்ணா, ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சா? வாய மூடிகினு இருந்தா ஆவாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அண்ணன் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

மூத்தவர் தன் கோடாலியைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் முந்தின நாள் வைத்த பொட்டு இருந்தது.

"சாமி மரம்னா ஒரு தேங்கா ஒடச்சி, மன்னிப்பு கேட்டுகினு வெட்டிடுவோம்ங்க. எவ்ளோ வேப்ப மரம் வெட்டிக்கீறோம். நீங்க இத ஆயுதம்னு சொல்றீங்களே. ஆயுதத்துக்கு பூஜ போட்ட மறுநாளே ஒன்ன வெச்சி இன்னொன்ன வெட்டச் சொன்னா எப்பிடிங்க? என்னால ஆவாது."

கோடாலியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆட்களோடு பஸ் ஏறப் போய்விட்டார். சாமி என்று சொல்லியிருந்தால் ஒரு தேங்காயோடு கதை முடிந்திருக்கும். காண்டிராக்டர் வேறு ஆள் தேடுவதற்குள் அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அதன்பின் நகராட்சியில் பொறியாளர் மாறினார். புதியவர் நடைபாதையை மரங்களைச் சுற்றி வளைத்துப் போட்டார். நீரூற்று வரவில்லை. மரங்கள் நிற்கின்றன.

கடைசி இரண்டு ஆண்டுகள் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலூருக்கும் ஆரணிக்குமாக அலைந்தோம். பஸ்ஸில் வரும்போது ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு எதுக்குண்ணா அப்பிடி சொன்ன? வெட்டியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன்டா" என்றார். கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "சாமின்னு ஒரு தடவ சொல்லிட்டா, அப்பறம் அங்க உண்டியல் வரும், கூரை வரும். நானும் போறப்பல்லாம் கும்புட்டுகினுதான் நிக்கணும். எனக்கு அது வேணாம்டா. சும்மா பாத்தா போதும்."

பிறகு தூங்கிவிட்டார். சில மாதங்களில் போய்விட்டார். எனக்கு அண்ணன் இல்லாமல் போனது பெரிய குறை. அதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

வேலூரில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நேரம் பார்க்காமல் வண்டி எடுத்த ஆட்டோக்கார நண்பருக்கும், தெள்ளாரிலிருந்து வந்து கடைசிவரை உடனிருந்த அண்ணன் மகளுக்கும் மருமகனுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த தெருவாருக்கும் அண்ணியின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. மரத்தை வெட்டாமல் திரும்பிய அந்த மூத்தவரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. அவருக்கும் நன்றி.

ஓராண்டுச் சடங்குக்கு வரும் உறவினர்கள், சாப்பிட்ட பின் நேரமிருந்தால் பூங்கா வரைக்கும் வாருங்கள். எனக்கு இன்னும் அந்த மரங்களில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.