கேசட்டில் வந்த இருமல்

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு ஆசிரியராக இருந்தேன். பாடங்களை கேசட்டில் பதிந்து மாணவர்களின் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினோம். எழுத்துத் தேர்வோடு, நேரில் வந்து பேசும் வாய்மொழித் தேர்வையும் சேர்த்தோம். பொருளாதாரப் பாடங்களைப் பேசிப் பதிந்தவர் என் நண்பர் சங்கரலிங்கம். பதிவு முடிந்த சில நாட்களில் மாரடைப்பில் போய்விட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு முதலில் மேலப்பாளையத்து ஆயிஷா வந்தாள். விலைவாசி உயர்வு பற்றிக் கேட்டேன். அவள் பேசப் பேச நிமிர்ந்து பார்த்தேன். சங்கரலிங்கத்தின் அதே இழுவை, அதே நிறுத்தம். நடுவில் அவரைப் போலவே லேசாக இருமினாள்.

"உடம்புக்குச் சொகமில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். பாடத்துல அந்த எடத்துல இருமல் வருதுல்லா?"

அடுத்து வந்த புன்னக்காயல் இளைஞனும் அதே இடத்தில் இருமினான். வராந்தாவில் காத்திருந்தவர்களின் முணுமுணுப்பும் இறந்தவரின் குரலாகவே கேட்டது.

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டேன். "பாடத்த விடுங்க. வெல ஏறினா உங்க வீட்டுல என்ன செய்யுதீங்க?"

ஆயிஷாதான் முதலில் பைய ஆரம்பித்தாள். "நூல் வெல ஏறினா வாப்பா தறிய நிறுத்திருதாவ சார்." அது அவள் குரல்.

அன்றிலிருந்து வாய்மொழித் தேர்வில் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. நண்பர் இறந்ததை மட்டும் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அவர் அன்று காலையில்கூடப் பாடம் நடத்தியிருந்தார்.