முகம் மூடிய படத்துக்கு வந்த கிரைண்டர்

தஸ்லீமைப் பற்றி பாப்பாரப்பட்டியில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். நானும் நல்லவிதமாகத்தான் சொல்லப்போகிறேன். என்ன, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஜாக்கெட் தைக்கிறவள், தேன்மொழி என்று பெயர். என் தையல் மிஷின் ஓடினால் அவளுக்குக் கேட்கும், அவள் கிரைண்டர் ஓடினால் எனக்குக் கேட்கும். போன வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கிரைண்டர் சத்தம் நின்றுபோனது.

அவள் புருஷன் தௌபிக் சந்தை சந்தையாகப் போய்ப் போர்வை விற்றவர். இண்டூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து காலில் கம்பி வைத்த பிறகு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடத்தூர் பஸ் ஏற முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் குடும்பத்தை இழுத்தது தஸ்லீம் அரைத்து விற்ற இட்லி மாவுதான். மகள் உஸ்மா காலையில் பாக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். குடும்ப வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கிரைண்டர் மோட்டார் புகைந்தது. புதுசாகக் காயில் சுற்றிக் கட்டினார்கள், மறுபடியும் புகைந்தது. ரிப்பேர்க்காரர் கையை விரித்துவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அந்த நேரத்தில் ஒரு டிரஸ்ட்டுக்காரன் வந்து அவள் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டத்தான் செய்தார்கள். உதவி கொடுக்க அல்ல, அவளிடம் வேலை வாங்க. ‘ஈகைத் தளிர்’ என்று ஒரு அறக்கட்டளை. பொங்கலுக்கு வத்தல்மலைக்குப் போர்வை, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி, ரம்ஜானுக்கு எங்கள் தெருப் பக்கம் நோன்புப் பை என்று பண்டிகைக்குப் பண்டிகை கொடுக்கிறவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சேமியா, பேரீச்சம்பழம் எல்லாம் ஒரே பையில் இருக்கும். எங்கள் ஊரில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் தஸ்லீம். சம்பளம் கிடையாது, பச்சை நிறத்தில் ஒரு கோட்டு மட்டும் உண்டு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் வெளியில் சொல்லாமல் பட்டினி கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பையை வாசலில் வைத்துவிட்டு, வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவாள். பச்சைக் கோட்டு போட்டவள் வீட்டிலேயே அடுப்பு எரியவில்லை என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றவில்லை.

“ஜெயபால் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு தஸ்லீம்” என்றேன். ஜெயபால்தான் செயலாளர். தர்மபுரியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன்.

“அக்கா, ராமக்காளுக்கு நடந்தது தெரியுமில்ல?” என்றாள்.

தெரியும். மலைப்பக்கம் போர்வை கொடுக்கிற வேலை ராமக்காளுடையது. போன பொங்கலுக்கு மிஞ்சிய இரண்டு போர்வையைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அவள் பிள்ளைகளுக்கும் குளிரத்தானே செய்யும்? ஜெயபால் சார் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், சத்தமே இல்லாமல், “குடுக்கறவங்க கை சுத்தமா இருக்கணும்ங்கம்மா” என்று சொல்லிக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் அவள் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். இப்போது அவளை மலையடிவாரத்து ஜனமே போர்வைத் திருடி என்கிறது.

நோன்பு பாதி போயிருந்தபோது ஒரு பை மிஞ்சியது. அது போக வேண்டிய குடும்பம் ஓசூருக்கு வேலை தேடிப் போய்விட்டது. தஸ்லீம் அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வீட்டில் தண்ணீரும் பள்ளிவாசல் கஞ்சியும் வைத்து நோன்பு திறந்தார்கள். உஸ்மா இன்னொரு வாய் கேட்டாளாம், இல்லை. மறுநாள் தஸ்லீம் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

“ஒரு போட்டோ எடுக்கணும்க்கா.”

பை கொடுத்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது டிரஸ்ட்டின் சட்டம். பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எங்கள் தெருப் பெண்கள் முகத்தைக் காட்ட மாட்டார்கள் என்று ஜெயபால் சாரோடு மல்லுக்கட்டி, முகம் மூடியிருந்தால் போதும் என்று சம்மதம் வாங்கிக்கொடுத்தவளே தஸ்லீம்தான். தெருவில் தலையில் துப்பட்டா மட்டும் போடுகிற அவள், அன்றைக்குத் தன் நாத்தனாருடைய கறுப்புப் புர்காவைப் போட்டு, முகத்திரையை இறக்கிவிட்டு, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வீட்டுக் கொல்லைச் சுவரோரம் நின்றாள். வெளியில் தெரிந்தது கண் மட்டும்தான். நான் அவள் போனிலேயே எடுத்தேன்.

“அழிச்சிட்டு வேற எடுக்கவா? கண்ணு ஒரு மாதிரி இருக்குது” என்றேன்.

“யாரு பாக்கப்போறாங்க, அனுப்புங்க” என்றாள்.

அந்தப் பையிலிருந்து அவள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? பித்ராவுக்கு அரிசி அளந்து எடுத்துவைத்தாள். பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குக் கொடுக்கிற தானியம் அது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு பிடி வைத்திருக்கிறவர்கள் கொடுத்தே ஆக வேண்டுமாம். “இப்ப நம்மகிட்ட இருக்குதில்லக்கா” என்றாள். எனக்கு அவளை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

யாரு பாக்கப்போறாங்க என்றாளே, ஊரே பார்த்தது. நோன்பின் கடைசிப் பத்து நாளில் தான தர்மம் அதிகம் வரும் என்பதால் டிரஸ்ட் ஒரு போஸ்டர் போட்டது. அதில் தஸ்லீமின் கண். ‘இந்தச் சகோதரியின் கண்ணீருக்கு உங்கள் பதில் என்ன?’ என்று கீழே பெரிய எழுத்து. வாட்ஸ்அப்பில் சுற்றி என் போனுக்கே நாலு பேர் அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸாகவும் தொங்கியது. அந்தக் கண்ணில் இருந்தது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். எல்லோரும் அதை ஏழ்மை என்று நினைத்து உருகினார்கள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அப்போதுதான் ஜெயபால் சாரிடமிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“தஸ்லீம், அந்தப் போட்டோவுல இருக்கற அம்மாவைப் பாத்து பெங்களூரு அப்துல் ஷுக்கூர் பாய் அழுதுட்டாருங்க. அவங்க பொழைக்கிற மாதிரி ஏதாவது ஒரு பொருள் வாங்கித் தரேங்கறாரு. என்ன தேவைன்னு கேட்டுச் சொல்லுங்களேன்.”

யோசித்துப் பேசுகிறவள் தஸ்லீம். அன்றைக்கு யோசிக்கவில்லை. “கிரைண்டர்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“நல்லதுங்க. பெருநாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை மண்டபத்துல விழா. பாய் நேர்ல வர்றாரு. அவங்களைக் கூட்டிட்டு வந்துருங்க. முகம் மூடியே வரட்டும், பரவால்ல.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லிடு” என்றேன். “சொன்னா ராமக்கா கதிதான்க்கா. உஸ்மாவை இந்தத் தெருவுல பைத் திருடி மகள்னு கூப்புடுவாங்க” என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. பெருநாள் முழுக்க இதே பேச்சு. சேமியா கொண்டுவந்து கொடுக்கும்போதும் இதையேதான் பேசினோம். கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன். தஸ்லீமுக்குக் காய்ச்சல் என்று நான் போய்ச் சொல்ல வேண்டியது. அவள் புர்காவில் அந்தச் சகோதரியாக வந்து, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏற வேண்டியது. சினிமாத்தனம்தான். கிரைண்டர் வந்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். அதற்காக எந்தக் கூத்தும் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் புதுக் கிரைண்டர், ரோஸ் ரிப்பன் கட்டி. நான் போய்க் காய்ச்சல் என்று சொன்னேன். ஜெயபால் சாருக்கு முகமே வாடிப்போனது. அவர் நல்லவர், அதுதான் எங்களுக்கு வினை. “அய்யோ, தஸ்லீம் இல்லாம நான் எப்படிங்க நடத்துவேன்? டாக்டரை அனுப்பட்டுமா?” என்று கேட்டபடி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் நம்பருக்குத்தான் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கறுப்புப் புர்காவில் ஒருத்தி மண்டபத்துப் படியேறிக்கொண்டிருந்தாள். புர்காவுக்குள்ளிருந்து போன் அடித்தது.

ஜெயபால் சார் காதில் போனை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக ஒதுங்கி, “வாங்கம்மா, உள்ள வாங்க” என்று அவளுக்கு வழிவிட்டார். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்துவிட்டது. அப்படியே திரும்பி, ஓடாத குறையாகப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தஸ்லீம் வந்தாள். முகமெல்லாம் வேர்வை. காய்ச்சலோடு வந்திருக்கிறாளே என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

“அந்தம்மா வரலைங்க சார். ஊரை விட்டே போயிட்டாங்களாம்” என்றாள்.

ஷுக்கூர் பாய் மேடையில் உட்கார்ந்திருந்தார். கிரைண்டரைத் திருப்பிக் கடைக்கா கொண்டுபோக முடியும்? ஜெயபால் சார் மைக்கிலேயே சொன்னார்: “நம்ம தஸ்லீமுக்குத் தெரியாத ஏழை இந்த ஊர்ல இல்லை. அவங்க கை காட்டற ஆளுக்கே குடுத்துருவோம். சொல்லுங்க தஸ்லீம், யாருக்கு ரொம்பக் கஷ்டம்?”

மண்டபமே அவளைப் பார்த்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன், உன்னைச் சொல்லுடி, எனக்குத்தான்னு சொல்லுடி என்று. அவள் வாய் திறந்தது.

“தமிழ்மணிங்க சார்” என்றாள்.

சந்தைப் பக்கம் குடியிருக்கிற தமிழ்மணி, புருஷன் விட்டுட்டுப் போனவள், விழாவில் கொடுக்கிற இலவசப் புடவையை வாங்கிப் போக வந்தவள், திகைத்துப்போய் எழுந்து நின்றாள். அவளுக்கும் கஷ்டம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. கை தட்டினார்கள். தஸ்லீமே கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி, தமிழ்மணி வீட்டில் இறக்கி, படமும் எடுத்து அனுப்பினாள். வழியெல்லாம் அது இடிபடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனாள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. கோபம் யார் மேல் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இப்போது தமிழ்மணி இட்லி மாவு விற்கிறாள். தஸ்லீமிடம் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் அவளிடம் வாங்குகின்றன. வியாபாரம் பெருகிவிட்டது, தனியாக முடியவில்லை, கூலிக்கு ஆள் வேண்டும் என்றாள். தஸ்லீம்தான் போகிறாள். காலையில் போனால் மத்தியானம் வரைக்கும் அரிசி களைந்து, உளுந்து கழுவி, அந்தக் கிரைண்டரில் போட்டு அரைக்கிறாள். தமிழ்மணி நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறாள், மாவு மிஞ்சினால் கொடுத்தும் அனுப்புகிறாள்.

போன மாதம் ஜெயபால் சார் வீடியோ எடுக்க ஒரு ஆளோடு அங்கே வந்திருந்தார். கொடுத்த பொருளால் ஒரு குடும்பம் எப்படி முன்னேறியது என்று காட்ட வேண்டுமாம். நான் மாவு வாங்கப் போனவள், ஓரமாக நின்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முழங்கைவரை மாவோடு தஸ்லீம் குனிந்திருந்தாள்.

“அட, நீங்க எங்கங்க இங்க?”

தமிழ்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தஸ்லீம் முந்திக்கொண்டாள். “சும்மா ஒத்தாசைக்கு வந்தேனுங்க சார். தனியா கஷ்டப்படறாங்களேன்னு.”

ஜெயபால் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராக்காரரைத் திருப்பி, “இவங்களையும் எடுப்பா. குடுத்துட்டு அப்படியே போறவங்க இல்லை இவங்க, கூட நின்னு தூக்கி விடறவங்க” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “இந்த நோன்புக்குப் பை நிறைய வருதுங்க. கஷ்டப்படற வூடு இன்னும் ஏதாவது இருந்தா யோசிச்சு வைங்க தஸ்லீம்” என்றார்.

“யோசிச்சுச் சொல்றேனுங்க சார்” என்றாள் தஸ்லீம்.