காற்றில் தூங்கியவள்

பிராக் நகரில் கறுப்பொளி நாடகங்களைப் படமெடுத்தே புகைப்படக்காரர் ஒத்மாருக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. இருட்டு மேடையில் ஊதாக் குழல்விளக்கு எரியும். ஒளிரும் சாயம் பூசியவர்கள் மட்டும் தெரிவார்கள். ஃபிளாஷ் போட்டால் மாயம் போய்விடும். போடாவிட்டால் ஒரு முழு நொடி யாரும் அசையக்கூடாது. நடிகர்களை ஒரு நொடி அசையாமல் நிறுத்துவதைவிட நகராட்சியை அசையவைப்பது எளிது.

புது நாடகத்தின் சுவரொட்டிக்கு நடிகை லிபுஷே பறக்கும் படம் வேண்டும். நேற்று எடுத்த நாற்பது படத்திலும் அவளுக்கு மூன்று மூக்கு. இன்றும் கலங்கினால் வேறு புகைப்படக்காரரைப் பார்ப்பதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

அவள் பறப்பதுபோல் தெரிய, கறுப்பு வெல்வெட்டில் முழுக்க மறைந்த இரண்டு பேர் அவளை அந்தரத்தில் ஏந்திப் பிடித்தார்கள்.

"சிரிக்காதம்மா, பல்லு தனியா ஓடுது," என்றார் ஒத்மார்.

"நான் எங்கண்ணே சிரிச்சேன்? கீழ இவன் கிச்சுகிச்சு மூட்டுறான்!"

"மத்தியானம் எத்தன மாவுருண்டை முழுங்கின தாயி?" என்று முனகியது இருட்டு.

இருபது முறை எடுத்தும் கலங்கல்தான். ஒத்மார் சோர்ந்துபோய் கேமராமேல் நெற்றியைச் சாய்த்தார். பேச்சுச் சத்தமே இல்லையே என்று நிமிர்ந்தால், காலையிலிருந்து இரண்டு காட்சி ஆடிய லிபுஷே காற்றிலேயே தூங்கிப்போயிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

இமைமயிர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

எட்டிப் பார்த்த இயக்குநர் துள்ளினார். "இதுதான்யா நடிப்பு! முகத்துல என்ன ஒரு தியானம்! ஒத்மார், அடுத்த நாடகத்துக்கும் நீங்கதான்!"

"மெதுவாப் பேசுங்க சார்," என்றது இருட்டு. "புள்ள தூங்குது."