இடப்பக்கத்து வெளிச்சம்

பட்டப்பகலில் பேயா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். இது கட்டிவிட்ட கதை இல்லை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2.10க்கும் 3.20க்கும் நடுவில் எனக்கு நடந்தது. நேரத்தை எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், பாதி நேரங்கள் படங்களில் பதிவாகியிருக்கின்றன, மற்றவை கடிகாரத்தில் பார்த்தவை. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அழிக்கவும் பயமாக இருக்கிறது, பார்க்கவும் பயமாக இருக்கிறது.

சின்னப் பொருட்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். கம்மல், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில்... எல்லாம் இணையத்தில் விற்பவர்களுக்காக. வீட்டிலேயே ஓர் அறையை இருட்டடித்து வைத்திருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போதவில்லை என்று படுக்கையறைத் திரைச்சீலையையும் கழற்றி வந்து மாட்டிவிட்டேன். "உங்க தொழிலுக்காக என் வீட்டையே மொட்டையாக்கிட்டீங்க" என்று மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பகலில் அவள் வேலைக்குப் போய்விடுவாள். நான்கு வயது மகள் என் பொறுப்பு. வாண்டு என்று கூப்பிடுவோம். மதியம் அவள் தூங்கும் நேரம்தான் எனக்கு வேலை நேரம்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது ஓர் இரும்புப் பூட்டு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் கொடுத்தது. "சாவி இல்லீங்க. பூட்டினபடியே எடுத்துடுங்க. அழகுக்கு வாங்கி வெக்கிற ஆளுங்க இருக்காங்க" என்றார்.

பூட்டு மாதிரிக் கறுத்த பொருளுக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, அறையைக் கும்மிருட்டாக்கிவிட்டு, ஷட்டரை இருபது நொடி திறந்து வைப்பேன். அந்த இருபது நொடியும் ஒரு பேனா டார்ச் வெளிச்சத்தால் பொருளைச் சுற்றித் தடவுவேன். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் படத்தில் விழும். டார்ச் பிடித்தவன் பக்கத்திலேயே நின்றாலும் படத்தில் வரமாட்டான்.

2.10க்கு வாண்டு தூங்கினாள். படுக்கையறைக் கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்தேன். என் அறைக் கதவை மூடி, வெளிச்சம் கசியாமல் இடுக்கு முழுவதும் கறுப்பு டேப் ஒட்டினேன்.

2.25. முதல் படம். வலப்பக்கமும் மேலேயும் டார்ச் அடித்தேன். கேமராத் திரையில் பார்த்தால், பூட்டின் இடப்பக்கமும் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் வைத்திருந்த வெள்ளை அட்டை பட்டுத் திரும்பிய வெளிச்சம் என்று நினைத்து அதை எடுத்துவிட்டேன்.

2.31. இரண்டாவது படம். இடப்பக்கம் இன்னும் பளிச்சென்று இருந்தது. என் டார்ச் வெளிச்சம் வெள்ளை. இது மஞ்சள். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கேயோ துணி விலகி வெயில் வருகிறது என்று அறை முழுக்கத் தடவினேன். ஓர் ஊசிமுனை வெளிச்சம் கூட இல்லை.

2.38. மூன்றாவது படம். மஞ்சள் வெளிச்சம் இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாக ஓடியிருந்தது. வெளிச்சத்தைத் தடவும்போது என் கை அப்படித்தான் ஓடும். எனக்குப் பக்கத்தில், இருட்டில், இன்னொருவரும் வேலை பார்த்திருக்கிறார்.

சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

2.44. இந்த முறை டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஷட்டரை மட்டும் திறந்தேன். படம் வெறும் கறுப்பாகத்தான் வர வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஒன்பதில்... டொக்.

மேசைப் பக்கமிருந்து. இரும்புச் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை. என் கண்ணுக்கு அதே கும்மிருட்டுதான். இருபது முடிந்தது. திரையில் படம் வந்தது. மேசை முழுக்க மஞ்சள் வெளிச்சம். மேசை மட்டும்தான் இருந்தது.

லைட்டைப் போட்டேன். பூட்டு இல்லை.

கதவில் நான் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

படுக்கையறைக் கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதில் அந்தப் பூட்டு தொங்கியது.

"வாண்டு!"

கதவைத் தட்டினேன்.

திரைச்சீலை இல்லாத அறை. மேற்கு வெயில் நேராக உள்ளே விழும். கதவுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு இடமிருந்து வலமாக அணைந்தது.

உள்ளே அவள் குரல்.

"அப்பா... இருட்டா இருக்கு."

"பயப்படாதம்மா. அப்பா வந்துட்டேன்."

"யாரோ என் கண்ணைப் பொத்துறாங்கப்பா. கை ஜில்லுன்னு இருக்கு."



பூட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். கதவு நிலையில் காலை ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தேன். ஒரு நூல் கூட இறங்கவில்லை. சுத்தியலால் அடித்தேன். ம்ஹூம்... உள்ளே வாண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

"விடுடா அவளை!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேனோ தெரியாது.

ஸ்க்ரூ டிரைவரால் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றினேன். நான்கு. மூன்றாவது கழலும்போது அவள் அழுகை நின்றுவிட்டது.

2.57. தாழ்ப்பாள் பூட்டோடு சேர்ந்து கீழே விழுந்தது.

அறை முழுக்க வெயில்.

வாண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. வெயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, லைட்டைப் போடு."

முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அவள் இமைக்கவில்லை.

தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். காலில் செருப்பு இல்லை. டாக்ஸியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். 3.20க்கு அவள் தலையைத் திருப்பினாள்.

"அப்பா, உன் சட்டையில பட்டன் இல்ல."

குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். "தூக்கக் கலக்கமா இருக்கும்" என்றார். மனைவி மட்டும் நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்ய அன்று மாலையே துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

பத்து நாள் கழித்து, பூட்டைத் தாழ்ப்பாளிலிருந்து பிரித்துக் கடைக்காரரிடமே திருப்பித் தருவதற்காக, பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சாவி இல்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றேன். அவர் கையில் வாங்கினார். கருவி எதுவும் எடுக்கவில்லை. வளையத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்தார். திறந்துகொண்டது.

துளை வழியாக உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது வெறும் கூடுங்க. லீவர் இல்ல, ஸ்பிரிங் இல்ல. யாரோ எப்பவோ எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. இது பூட்டவே பூட்டாதே. இதையா உங்களால திறக்க முடியல?"

பூட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று என்னை எதிர்த்து இழுத்தது இரும்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.