றோசம்மாவின் நேர்த்தியும் கண்டியில் இரண்டு ஹோட்டல்களும்

றோசம்மாவின் பெயரை நான் முதன்முதல் கேட்டது மன்னாரில், வங்காலைக் கோயிலில். கலியாணம் செய்து அந்த ஊருக்குப் போன முதல் ஞாயிறு. பின்வாங்கிலிருந்து யாரோ ஒரு கிழவர், "றோசம்மா, கொஞ்சம் மெல்லப் பாடு பிள்ளை, மாதாவுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார். கோயிலே சிரித்தது. அவள் என் மாமியாரின் தங்கை மகள், எனக்கு மச்சாள் முறை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு ஒரே மகன், அமிர்தநாயகம். சண்டை தொடங்கிய காலத்தில் பேசாலையில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து நோர்வேக்குப் போனவன். அவன் திரும்பி வந்து முதல் நாள் எந்தக் கூரையின் கீழ் படுக்கிறானோ, அந்தக் கூரையின் கீழ் ஊருக்கே கேட்கும்படி ஜெபமாலை சொல்வதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். "அது முடியாமல் அவன்ர கையைக்கூடத் தொடமாட்டன்" என்றும் சொல்லிவிட்டாள்.

பல வருசம் கழித்து அவன் வந்தான். சண்டை ஓயவில்லை. இளந்தாரிப் பெடியன், ஆமிச் சோதனைச்சாவடிகளைத் தாண்டி மன்னாருக்கு வர அவனுக்குப் பயம். கண்டியில் சந்திப்போம் என்று ரெலிபோனில் சொன்னான்.

"அம்மா, ரண்டு பெரிய ஹோட்டல் இருக்கு. ஒண்டு மலையில, மற்றது குளத்தடியில. நீங்கள் முதல்நாளே போய்ப் பாத்துப் பிடிச்சதில இருங்கோ."

ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு றோசம்மாவும் புருசன் பஸ்ரியனும் பஸ் ஏறினார்கள்.

மலை ஹோட்டலில் கால் புதையும் கம்பளம், ஆளுயரக் கண்ணாடி. பஸ்ரியனுக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. றோசம்மா, இங்கே சத்தமாகச் சொல்ல விடுவார்களா என்று பார்க்க, கூடத்தின் நடுவே முழந்தாளிட்டு, ஜெபமாலையை எடுத்து உரத்துத் தொடங்கினாள். வேலையாட்கள் பதறி ஓடிவந்தார்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் கதிரை.

"எழும்படியப்பா, வருத்தக்காரி எண்டு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்தப் போறாங்கள்!" என்றார் பஸ்ரியன்.

மேலாளர் பணிவாக, "அம்மா, அறைக்குள்ளே மெதுவாகச் சொல்லலாமே" என்றார்.

"மெதுவாச் சொல்ல நான் நேர்த்தி வைக்கேல்ல, தம்பி" என்று எழுந்தாள்.

குளத்தடி ஹோட்டலில் கம்பளம் பழசு. அங்கும் முழந்தாளிட்டாள். பெட்டி தூக்கும் லெட்சுமணன், மலையகத்து ஆள், கிட்ட வந்தார்.

"சத்தமாவே சொல்லுங்கம்மா. இங்க தினம் பொழுதுபட்டா மேளம் அடிச்சு ஆடுறாங்க. அதுக்கு முந்தி முடிச்சிட்டீங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"கேட்டியளே? இதுதான் ஹோட்டல்" என்றாள் றோசம்மா.

"கம்பளம்?" என்றார் பஸ்ரியன்.

"கம்பளத்திலயோ நேர்த்தி வைச்சனான்?"

மறுநாள் பின்னேரம் மகன் வந்து இறங்கினான். கட்டிப்பிடிக்க ஓடிவந்தவனைக் கைகாட்டி நிறுத்தி, "முதல் முழந்தாளிடு" என்றாள். மேளக்கூத்துப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் இதுதான் முதற்கூத்து என்று நினைத்துச் சுற்றிவரக் கதிரை போட்டு அமர்ந்தார்கள். றோசம்மாவோடு சேர்ந்து ஜெபம் சொன்ன மகன் நடுவில் மறந்து தடுமாறினான். பஸ்ரியன் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் வெள்ளைக்காரர் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். றோசம்மா அதைக் கவனிக்கவேயில்லை. இரண்டு கையாலும் மகனின் முகத்தைப் பிடித்து, "மெலிஞ்சு போனாய், நாசமறுப்பானே" என்று அழுதாள், சிரித்தாள்.

பஸ்ரியன் மோட்சம் போய்ச் சேர்ந்துவிட்டார். றோசம்மா இப்போது நோர்வேயில், மகன் வீட்டில் இருக்கிறாள்.