சன்னலோரம் வைத்த கிண்ணம்

இன்று திருப்பதி வீட்டில், ஊறுகாய் ஜாடியிலிருந்து வழிந்த நீர் தட்டில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்ததும், நகரியில் நான் படித்த பள்ளியின் ஆய்வகம், சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட அந்தத் தகரக் கொட்டகை, ஆசிட் நெடியோடும் அடுத்த தெருத் தறிகளின் ஓயாத தடதடப்போடும் நினைவில் எழுந்து வந்தது.

அங்கேதான் ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அதிலிருந்து உப்பை எடுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். பாதியிலேயே விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்துபோனது. "போயிந்தி, ஒதிலேயண்டி" என்று, போனது போகட்டும் விட்டுவிடுங்கள் எனத் தெலுங்கில் டீச்சர் கைவிரித்துவிட, நானும் தோழி கல்பனாவும் கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்துவிட்டு அழாத குறையாக வீட்டுக்குப் போனோம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், நகரி வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிச் சதுரங்களை விட்டுவைத்திருந்தது.

"யார்னா கடை உப்ப கொட்டிட்டாங்களாடி?" என்றாள் கல்பனா.

"கடை உப்பு இவ்ளோ சதுரமாவா இருக்கும்?" என்றேன்.

அந்த உப்பில் ஒரு கல்லைத் தாளில் மடித்து நைனாவிடம் கொண்டுபோய், எப்படிச் செய்தோம் என்று சொன்னேன். சாயப்பட்டறைக் காஸ்டிக்கில் கை வைத்து வைத்து நகமெல்லாம் அரித்துப்போனவர் என் அப்பா.

"இதுல காஸ்டிக் கீதா?"

"இருந்துச்சி நைனா. ஆசிட்டோட சேந்து உப்பாயிடுச்சி."

தயங்கித் தயங்கி நீட்டிய அந்த வெடித்த உள்ளங்கையில் கல்லை வைத்தேன். கையை மூடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எரியவே இல்லியேம்மா" என்றார்.