மரத்தொட்டிக்குப் பக்கத்தில ஒரு கதிரை

கொறற்றி எங்களுக்குக் கீழ் வீடு. மன்னார்ப் பிள்ளை. ஜேர்மனியில, பிரேமர்ஹாஃபனில மீன் வெட்டுற பக்டறியில வேலை. அங்கை கூட வேலை செய்த எய்னார் எண்ட ஐஸ்லாந்துக்காரனைத் தொண்ணூற்றஞ்சில கட்டினாள். எங்கட ஆக்கள் ஒருத்தரும் கலியாணத்துக்குப் போகேல்லை. நானும்தான், மறைச்சு என்ன? பிறகு பொங்கல், நத்தார் ஒளிவிழா ஒண்டுக்கும் அவளுக்குச் சொல்லுறேல்லை.

அவளுக்கு இருந்தது எய்னாரின்ர ஆக்களின்ர விழா ஒண்டுதான். மாசி மாதத்தில ஒரு மண்டபம் எடுத்துச் செய்வினம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கட சாப்பாட்டை மரத்தொட்டியில கொண்டுபோய், அதைச் சுத்தியிருந்து சாப்பிட்டுப் பாடுவினம். தொட்டி எய்னாரின்ர தேப்பன் செதுக்கினது. சமையல் கொறற்றி. ஆட்டு வயித்துப்பைக்குள்ள ரத்தமும் மாவும் கொழுப்பும் அடைச்சுத் தைச்சு அவிப்பாள். ஒக்ரோபரிலயே எல்லாத்தையும் தயிர்த் தண்ணியில ஊறப் போட்டு வீட்டுக்கு அடியில இருக்கிற கெல்லருக்குள்ள வைச்சிடுவாள்.

"என்னடி நாத்தம் இது? கீழ ஆரும் செத்துக் கிடக்கினமோ?"

"கிடாய்க்கொட்டை ஊறுது அக்கா. உங்களுக்கும் ரெண்டு தரட்டோ?"

"உன்ர மனிசனுக்கே குடு."

ரெண்டாயிரத்தஞ்சு கார்த்திகையில எய்னார் வேலையில விழுந்து செத்துப்போனான். விழாவுக்கு அழைப்பு வந்தது. அட்டையைக் கொண்டு மேல வந்தாள்.

"போகட்டோ அக்கா? எல்லாம் ஊறிக் கிடக்கு."

"விசரே உனக்கு? மனிசன் செத்து வருசம் திரும்பேல்லை. பாட்டுக்கும் கூத்துக்கும் போனா சனம் என்ன சொல்லும்?"

எந்தச் சனம் எண்டு அவள் திருப்பிக் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம். பத்து வருசமா அவளின்ர கதவைத் தட்டாத சனம். கீழ போய் எல்லாத்தையும் குப்பையில கொட்டினாள். வரேல்லை எண்டு அவைக்கு ஒரு போனும் எடுக்கேல்லை. செத்த வீட்டுக்காரர் வரமாட்டினம் எண்டு எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவைக்கு எப்பிடித் தெரியும்?

அடுத்த ஒக்ரோபரில திரும்பவும் ஊறப் போட்டாள். ஆண்டுப் பூசையும் முடிஞ்சுது. அழைப்புத்தான் வரேல்லை.

"தபாலில துலைஞ்சிருக்கும் அக்கா."

நான்தான் காரில கூட்டிக்கொண்டு போனன். தொட்டியைப் பிள்ளை மாதிரி மடியில வைச்சிருந்தாள். மண்டப வாசலில ஒரு மனிசி பேர் எழுதின தாளைப் பாத்தா, திரும்பவும் பாத்தா.

"போன வருசம் நீங்கள் வரேல்லை. ஒண்டும் அறிவிக்கவும் இல்லை. இனி வரமாட்டியள் எண்டு நினைச்சு உங்கட மேசையைப் புதுசா வந்த குடும்பத்துக்குக் குடுத்திட்டம்."

கூடாத மனிசியில்லை, கண் கலங்கித்தான் சொன்னா. எய்னார் பத்து வருசம் இருந்த இடத்தில ஆரோ ஒருத்தன் பெண்சாதியோட இருந்து சிரிச்சுக்கொண்டிருந்தான்.

"எங்கட முறையில ஒரு வருசத்துக்கு..." எண்டு துவங்கின கொறற்றி பாதியில விட்டிட்டாள். நான்தான் மறிச்சனான் எண்டு நான் சொல்லியிருக்க வேணும். எல்லாத்துக்கும் திறக்கிற என்ர வாய் அண்டைக்குத் திறக்கேல்லை.

தொட்டியைப் பொது மேசையில வைக்கச் சொன்னா அந்த மனிசி. சனம் வந்து வெட்டி வெட்டி எடுத்துது. நல்ல புளிப்பு, ஐஸ்லாந்தில மாதிரியே இருக்கெண்டு சொல்லிச்சினமாம். நாங்கள் கோட்டுகள் தொங்கின இடத்தில நிண்டம். பாட்டுத் துவங்கினாப் பிறகு கொறற்றியின்ர வாய் அசைஞ்சுது. சத்தம் வரேல்லை.

"சாப்பிட்டியோ?" எண்டு காருக்குள்ள கேட்டன்.

"இல்லை அக்கா."

"வாற வருசத்துக்கு இப்பவே எழுதிக் குடு. இருக்க ஒரு கதிரை தராமலோ விடப்போகினம்?"

"ஆற்ற மேசையில அக்கா?"

அடுத்த கிழமை, வாற பொங்கலுக்கு எண்டாலும் கூப்பிடுவம் எண்டு எங்கட சங்கச் செயலாளர் சிறீதரனிட்டக் கேட்டுப் பாத்தன்.

"அவவுக்கு அவையின்ர விழா இருக்குத்தானே அக்கா."

இப்ப ஒக்ரோபர். கெல்லரில நாத்தம் இல்லை. தொட்டிக்குள்ள உருளைக்கிழங்கு போட்டு வைச்சிருக்கிறாள்.